சாயங்காலம் எடுத்த அளவு

எங்கள் தொழிற்சாலையில் கால்களுக்கு அளவு உண்டு, கைகளுக்குக் கிடையாது. செருப்புக்கும் ஷூவுக்கும் பதினான்கு சைஸ் போடுவோம், அகலம் தனி, குறுகல் தனி. அந்தப் பதினான்கையும் கம்ப்யூட்டரில் வரைகிற எனக்கு மட்டும் ஊருக்கெல்லாம் கொடுக்கிற ஒரே மவுஸ். இருபத்திரண்டு வருடமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தவள் நான்தான். அதனால் முதல் திட்டு எனக்கு.

வரைவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஷூவின் மேல்பாகத்தில் ஒன்பது துண்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் மவுஸால் வளைத்து வளைத்து இழுக்க வேண்டும். ஒரு சைஸ் வரைந்தால் மற்றதைக் கம்ப்யூட்டரே பெரிதாக்கித் தரும், ஆனால் குதிகால் வளைவை ஒவ்வொரு தடவையும் கெடுத்துத்தான் தரும். அதைத் திரும்ப இழுத்துச் சரி செய்ய ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் என்னுடையது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் போட்டவர் என்னைத்தான் சபிப்பார், என் பெயர் தெரியாவிட்டாலும்.

ஆறு மாதமாக மணிக்கட்டு வலி. சாயங்காலம் ஆனால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. டாக்டர் என் கையை இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்துவிட்டு, "மவுஸை மாத்துங்க, இல்லன்னா வேலையை மாத்துங்க" என்றார். அடுத்த நோயாளியைக் கூப்பிடும் அவசரத்தில் சொன்னாலும், சொன்னது சரிதான்.

அந்தச் சனிக்கிழமையே மேனேஜர் என் மேசைக்கு வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, புது மாடல் பதினாலு சைஸும் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். உங்களால முடியுமா?"

"ஏன் முடியாது?"

"இல்ல, கை வலிக்குதுன்னு கேள்விப்பட்டேன். முடியலைன்னா சொல்லுங்க, பேக்கிங்ல ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். உக்காந்து பெட்டியை எண்ணினாப் போதும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் நல்லதுக்கு என்றதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. வளைவு இழுத்த கையால் பெட்டி எண்ணுவதா? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது. பயமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். துணைக்குக் கணவர். பஸ் ஓட்டுகிறவர், வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, அந்த லீவில் மவுஸ் பார்க்க வரவேண்டியிருக்கிறதே என்று கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு யோசனையும் இல்லாமல் ரோஸ் நிறத்தில், உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்கிற மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார்.

"லேடீஸ் மாடல் மேடம். நல்லாப் போகுது."

"எங்க போகுது?" என்றேன்.

கணவர் திரும்பிக்கொண்டு சிரித்தார். நான் பத்துப் பன்னிரண்டைப் பிடித்துப் பார்த்து, வழுவழுப்பாக, கையில் எடுத்ததும் சுகமாக இருந்த ஒரு கறுப்பு மவுஸை வாங்கினேன். திங்கட்கிழமை மதியம் வரைக்கும் சொர்க்கம். மூன்று மணிக்குச் சுண்டுவிரலில் ஆரம்பித்த வலி ஐந்து மணிக்குள் முழங்கை வரை வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு சைஸ்தான் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டு, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை குலுக்குகிற மாதிரிப் பக்கவாட்டில் பிடிக்கிற நிமிர்ந்த மவுஸ் ஒன்றை எடுத்தேன். கடையில் கால் மணி நேரம் பிடித்துப் பார்த்தேன், அருமை. அதுவும் மூன்று மணி வரைக்கும்தான் அருமை. பிறகு கட்டைவிரல் அடியில் பிறாண்ட ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சைஸ் முடித்தேன்.

வீட்டில் கணவர் என் கையில் தைலம் தேய்த்துவிட்டார். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி நீ இவ்வளவு யோசிக்கலையே."

"அதான் இப்பவாவது யோசிக்கிறேன்."

சிரித்தார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "பேக்கிங்குக்குப் போனாத்தான் என்ன, சம்பளம் அதேதானே" என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். "நாளைக்கு உங்ககிட்ட ஸ்டியரிங்கை வாங்கிட்டு டிக்கெட் எண்ணச் சொன்னா எண்ணுவீங்களா?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் கையைப் பிடித்துத் தேய்த்தார்.

புதன்கிழமை இன்னும் ஒரே ஒரு சைஸ். ஆக மொத்தம் நான்கு. மிச்சம் பத்து, இரண்டே நாள். மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். பாவப்படுகிற பார்வை. எனக்கு அது சுத்தமாக ஆகாது.

அன்றைக்கு ஐந்து மணிக்கு வேறொரு மாடலை மாட்டிப் பார்க்கிற வேலை இருந்தது. எங்களிடம் அதற்கென்றே ஒரு அம்மா வருவார். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாளெல்லாம் நின்ற காலோடு நேரே இங்கே வந்து ஷூவை மாட்டி நடந்து காட்டுவார். புதிதாகச் சேர்ந்த விற்பனைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு எதுக்கு மேடம் அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கணும்? அவங்களைக் காலைலயே வரச்சொன்னா என்ன?"

கேட்கக்கூடாத கேள்வி. மூன்று நாள் எரிச்சலையும் அவர் தலையில் இறக்கினேன். "சார், காலைல இருக்கிற கால் வேற, சாயங்காலம் இருக்கிற கால் வேற. நின்னு நின்னு வீங்கியிருக்கும். காலைல போட்டுப் பாத்து வாங்கினா சாயங்காலம் கடிக்கும். செருப்புக் கடையில வேலை பாக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். இதுகூடத் தெரியாம எப்படி சார் ஒருத்தர்..."

அங்கேயே நின்றுவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணி. செவ்வாய் காலை ஒன்பதே முக்கால். இரண்டு தடவையும் தூங்கி எழுந்த, வீக்கம் வடிந்த கையைத்தான் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே பாடம் எடுத்தவள், என் கைக்குக் காலையில் அளவு பார்த்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். விற்பனைக்காரர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நேரமில்லை.

கால் அளவெடுக்கிற டேப்பை எடுத்து விரல் முட்டிகளைச் சுற்றிப் பிடித்தேன். பத்தொன்பது சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கூட. பெண்களில் பெரிய கை. ஒரு தாளில் கையை வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்து, அதை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆறு மணிக்கு வீங்கிய கையோடு கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரருக்கு என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், மறுபடியுமா?"

"இதான் கடைசி. உங்க கம்ப்யூட்டரைக் கொஞ்சம் குடுங்க."

படம் வரைகிற பக்கத்தைத் திறந்து குதிகால் வளைவுகளாக வரைந்து தள்ளினேன். கண்ணுக்கு அழகாக இருந்தவை எல்லாம் நாலாவது வளைவிலேயே சாயம் வெளுத்தன. ஒன்று விரலை மடக்கியது, ஒன்று மணிக்கட்டை மேசையில் அழுத்தியது. கடைசியில் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றைக் காட்டினேன்.

"அது வேணாம் மேடம். பெரிய ஆம்பளைக் கைக்கு வந்தது, யாரும் வாங்கல."

"எடுங்க."

அழகு என்று அதில் ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறம், ஒரு பக்கம் சரிந்த முதுகு, குண்டு. கையை வைத்தேன். ஐந்து விரலும் தானாகப் போய் உட்கார்ந்தன. பென்சில் கோட்டுத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன், எந்தப் பக்கமும் உள்ளங்கை தொங்கவில்லை. முப்பது வளைவு இழுத்தேன், பிறகு இன்னொரு முப்பது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்று பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மவுஸுக்காகக் கண் கலங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வியாழக்கிழமை ஆறு சைஸ். மூன்று மணி வந்தது, போனது. வலி எப்போது வரும் என்று நானே நாலு தடவை நிறுத்திக் காத்திருந்தேன், வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைசி நாலு சைஸையும் இழுத்தேன். நாலரை மணிக்குப் பதினான்காவது சைஸின் ஒன்பதாவது துண்டை வெட்டும் மெஷினுக்கு அனுப்பினேன்.

கட்டிங் அண்ணன் யாரையும் லேசில் பாராட்டாத மனிதர். எல்லாவற்றிலும் பெரிய சைஸைத்தான் வேண்டுமென்றே வெட்டினார், தப்பு அதில்தான் முதலில் தெரியும். துண்டுகளைக் கால் வடிவ அச்சின் மேல் ஒவ்வொன்றாகப் போர்த்தினார். ஓரத்தோடு ஓரம் போய்ச் சேர்ந்தது. குதிகாலில் விரலை வைத்து ஒரு சுற்றுத் தடவினார்.

"கடிக்காது," என்றார்.

அப்போதுதான் பார்த்தேன், மேனேஜர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு தாளோடு. பேக்கிங்குக்கு மாற்றுகிற உத்தரவு. என் கையெழுத்துக்கு இடம் விட்டு, தட்டச்சு அடித்து, முத்திரையும் குத்தித் தயாராகக் கொண்டுவந்திருந்தார். அச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அக்கா, இது வந்து... நான் சும்மா முன்கூட்டியே..."

"குடுங்க சார்."

கொடுத்தார். மணி ஐந்தாகப் போகிறது, ஆறு மாதமாக ஒரு மூடியைக்கூடத் திறக்காத நேரம். தாளை இரண்டாகக் கிழித்தேன், நாலாகக் கிழித்தேன், எட்டாகவும் கிழித்தேன். கெட்டித் தாள்தான். முறுக்கிக் கிழித்தது வலது கை, துளி வலிக்கவில்லை.

"அடுத்த மாடல் எப்ப சார் வருது?" என்று கேட்டேன்.