வாத்துக்காக யாராவது சாவாங்களா?

ட்ரைசைக்கிளை விட்டு இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்த மெல்பா தன் முகத்தையே பார்த்தாள். கூடைப்பந்து மைதானத்தின் வேலிக்கும் எதிரே இருந்த மின்கம்பத்துக்கும் நடுவே, சாலைக்குக் குறுக்காகப் பேனர் கட்டியிருந்தார்கள். கல்லூரிப் பட்டமளிப்பு அங்கியில், கன்னம் உப்பிய, உலகத்தை ஒரு கை பார்த்துவிடப்போகிற பழைய மெல்பா. 'தேசிய நாவல் பரிசு வென்ற எங்கள் ஊரின் பெருமை மெல்பா அபோர்தோவுக்கு வாழ்த்துகள்!' பக்கத்திலேயே அவளைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு ஊர்த் தலைவரான கப்பிதான் ருஃபீனோ சிரித்தார். நாவலை எழுதியது அவர்தான் என்று வெளியூர்க்காரன் யாராவது நினைத்துக்கொண்டால் அவனைக் குறை சொல்ல முடியாது.

"ஜெயிச்சுட்டீங்க மனாய்! விருந்து எப்போ?" என்றான் வண்டி ஓட்டும் எல்மர். அவளைவிட ஐந்தாறு வயது இளையவன் என்பதால் அக்கா முறை.

அவள் காசை அவன் கையில் திணித்தாள். அன்று காலையில்தான் முடிவு வெளியாகியிருந்தது. நாகா நகரத்தில் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கைபேசியில் பார்த்தாள். இறுதிச் சுற்றுக்கு ஐந்து பெயர்கள். அதில் அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழே படித்துவிட்டு, கீழிருந்து மேலேயும் ஒருமுறை படித்துப் பார்த்தாள், வேறு பக்கமாக வந்தால் பெயர் முளைத்துவிடும் என்பதுபோல. பிறகு பழைய நாவலுக்கு இன்னும் கொஞ்சம் பிரதி போட வந்தவள், எதையும் போடாமல் பேருந்து ஏறிவிட்டாள். போதும். இனி எழுதப்போவதில்லை. அப்படி முடிவெடுத்ததும் சொத்தைப் பல்லைப் பிடுங்கிய பிறகு வருமே, அப்படியொரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி இந்த மின்கம்பம் வரைக்கும்தான் தாங்கியது.

மூன்று நாவல்கள். மூன்றும் வீட்டில் பேசுகிற பிக்கோல் மொழியில். பதிப்பாளர் என்று யாரும் கிடையாது. அவளே தட்டச்சு செய்து, அவளே அட்டை வரைந்து, ஜெராக்ஸ் போட்டு, சாப்பாட்டு மேசையில் பரப்பி மடித்து, ஸ்டேப்ளர் அடித்து, கல்லூரி வாசலில் மடக்கு மேசை போட்டு விற்பாள். பிள்ளைகள் வருவார்கள், எடுத்துப் புரட்டுவார்கள், "தகலோக்ல இல்லையா?" என்று தலைநகரத்து மொழியைக் கேட்டுவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி வைத்த பிறகு ஓரத்தை நேராக்கிவிட்டுக்கூடப் போனாள். அந்த மரியாதைதான் மெல்பாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டு முகப்பிலேயே அம்மா பெலெனின் பெட்டிக்கடை. கம்பி வலைக்குப் பின்னால் அம்மா யாருக்கோ வினிகர் பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உதட்டில் சாயம் பூசியிருந்தாள். பூசை நாளைத் தவிர அம்மா உதட்டுச் சாயம் பூசி மெல்பா பார்த்ததில்லை.

"பாத்தியா? கப்பிதான்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவரே செலவு பண்ணிக் கட்டிட்டாரு."

"அம்மா, நான் ஜெயிக்கல."

"உன் பேரு லிஸ்ட்ல வந்துச்சா இல்லையா?"

"அது முதல் சுத்து லிஸ்ட். இருபது பேரு இருந்தாங்க. அதுக்கப்புறம்…"

"வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்போ பாஸுதான். போய் நூடுல்ஸ் சாப்பிடு. தெருவுக்கே கிண்டி வெச்சிருக்கேன்."

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் எல்லாமே லிஸ்ட்தான். நர்சுத் தேர்வா, வாத்தியார் தேர்வா, கப்பல் வேலைத் தேர்வா, ஒரு நாள் காலையில் பெயர்கள் வரும். பெயர் இருந்தால் பாஸ், மாலைக்குள் பேனர் ஏறிவிடும். லிஸ்டில் பெயர் வந்த பிறகும் ஒருத்தி தோற்க முடியும் என்பதை இந்தத் தெரு கேள்விப்பட்டதே இல்லை. எதிர்வீட்டுப் பெண் நர்சாகத் தேறியபோது கட்டிய பேனர் இன்னும் தொங்குகிறது. வெயிலில் முகமெல்லாம் வெளுத்துப்போய்ப் பல்வரிசை மட்டும் பாக்கி. கடையின் கம்பி வலை வழியே அம்மா வருடக்கணக்காக அந்தப் பல்வரிசையைப் பார்த்துக்கொண்டுதான் சில்லறை கொடுத்து வந்தாள். அது நினைவுக்கு வந்ததும் மெல்பாவால் மேற்கொண்டு சத்தம் போட முடியவில்லை. நூடுல்ஸ் நன்றாகவே இருந்தது. அது வேறு எரிச்சல்.

மறுநாள் கப்பிதானைப் பார்க்கப் போனாள். அவர் பனியனோடு உட்கார்ந்து சண்டைச் சேவலின் கால்களுக்கு மஞ்சள் கலந்த எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"கப்பிதான், நான் ஜெயிக்கல. தயவுசெஞ்சு அதை அவிழ்த்துடுங்க."

"அவிழ்க்கிறதா? தேர்தலு வருது, நேனே. இப்போ அவிழ்த்தா எதிராளி என்ன சொல்லுவான்? எழுத்தாளரை மதிக்கத் தெரியாத ஆளும்பான்."

"அதுல இருக்கிறது பொய்."

"பேனர்ல எதும்மா நெசம்? எனக்கு அவ்வளவு முடியா இருக்கு?" என்று தலையைத் தடவிக் காட்டினார். "வர்ற ஞாயித்துக்கிழமை புனித இசிதோர் திருவிழா மேடையில உனக்கு மாலை. நாவல்லேருந்து கொஞ்சம் வாசிக்கிற. சோகமா இல்லாம பாத்துக்க, உனக்கப்புறம் டான்ஸு இருக்கு." வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியவர் குரலைத் தாழ்த்தினார். "எப்பவாவது நேரம் கெடைச்சா எங்கிட்ட வா. என் வாழ்க்கையே ஒரு நாவல்."

ஊரில் எல்லோருடைய வாழ்க்கையும் நாவலாகத்தான் இருந்தது. ரொட்டிக் கடைக்காரனின் வாழ்க்கை நாவல். கோயில் பாடகர் குழுத் தலைவியின் வாழ்க்கை இரண்டு பாகம். விருந்து எப்போது என்றார்கள். இலவசப் பிரதி கொடு என்றார்கள், கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார்கள், கொடுத்ததைக் கோழிக்கூண்டின் மேல் வைத்துவிட்டு மறந்தார்கள். ரத்தக்காட்டேரி வைத்து எழுது, சினிமாவாக எடுப்பார்கள் என்றார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் என்ன என்றார்கள். எழுதுவதை நிறுத்தியவளை ஒரு ஊரே சேர்ந்து எழுத்தாளர் எழுத்தாளர் என்று கூப்பிட்டால் அவள் எங்கேதான் போவாள்? இத்தனை வருடம் எழுதியபோது ஒரு நாய்கூட அப்படிக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் மெல்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை இழுத்தாள். போட்டிக்கு அனுப்பிய மூன்றாவது நாவலின் அச்சுப் பிரதி. அனுப்பிய பிறகும் மனம் அடங்காமல் ஒரு வருடமாக அதில் திருத்திக்கொண்டே இருந்தாள். ஓரமெல்லாம் பேனா எழுத்து, அம்புக்குறி, அடித்தல், அடித்ததன்மேல் மறுபடி எழுத்து. கணினியில் இருப்பது பழைய வடிவம். இதுதான் நாவல். அதைக் கொண்டுபோய்க் கடை மேசையில் தொப்பென்று போட்டாள்.

"கருவாடு சுத்தத் தாள் இல்லேன்னு சொன்னியே. இந்தா."

அம்மா மேல் தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். "எழுதின தாளாச்சே. வேணாமா உனக்கு?"

"வேணாம்."

"நெசமாவா?"

"வேணாங்கறேன்ல!"

அம்மா தாள்கட்டைத் தட்டி அடுக்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெலென் எதையும் வீணாக்குகிற ஆள் இல்லை.

அந்த வாரம் முழுக்க மெல்பா எழுதவில்லை. துணி துவைத்தாள், கடைக்குச் சரக்கு எடுத்து வந்தாள், நாகாவில் ஒரு அலுவலக வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். கருவாட்டு வியாபாரம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகச் சூடு பிடித்திருப்பதாக அம்மா சொன்னாள். திருவிழா நெருங்குவதால் இருக்கும் என்று மெல்பா நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் தியா பூரிங் வந்தாள். மூன்றாவது வீட்டு விதவை, தெருவுக்கே தியா, அதாவது அத்தை. வாடகைக்கு விட்ட வீடுகள் நான்கு, உயர் ரத்த அழுத்தம், வாரத்தில் ஆறு நாள் மாஜோங் ஆட்டம். அடகுக் கடை வைத்திருந்த புருஷன் செத்த பிறகும் அவன் படத்தோடு தினமும் சண்டை போடுகிறவள். கேட்டைத் திறந்து நேராக உள்ளே வந்து, மெல்பா முன்னால் இருந்த சாப்பாட்டு மேசையில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினாள். கருவாட்டு நாற்றம் குப்பென்று அடித்தது. எல்லாம் எண்ணெய் ஊறிய, கசங்கிய, கையால் தடவித் தடவி நீவிய தாள்கள்.

"என்னை எதுக்குடி கொன்ன?"

"தியா?"

"நடிக்காத. செத்த புருஷன் போட்டோவோட பேசுறவ யாரு இந்தத் தெருவுல? கோயில் மைக்கு சத்தத்துக்காகச் சாமியாரோட சண்டை போட்டவ யாரு? முதல் பொட்டலத்துலயே புரிஞ்சுபோச்சு எனக்கு. உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, தினம் ரெண்டு வேளை கருவாடு வாங்கறேன். எதுக்கு? அடுத்த பக்கத்துக்கு. நடுவுல ரெண்டு தாளு ரொட்டிக் கடைக்காரன் வீட்டுக்குப் போயிடுச்சு, அதையும் போய்ச் சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒன்பதாவது அத்தியாயம் வந்தா, நான் செத்துப்போறேன்! எதுக்கு? ஒரு வாத்துக்காக!"

மெல்பா ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள், அவளுடைய நாவல். கோபம்தான் முதலில் வந்தது. "அது நீங்க இல்ல தியா. அது கதை. வெள்ளத்துல அடிச்சுட்டுப் போற வெள்ளை வாத்தைப் பிடிக்க அவ இறங்கறா. அது ஒரு… அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு."

"என்ன அர்த்தம்?"

மெல்பா கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். அர்த்தம் அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"வாத்துக்காக யாராவது சாவாங்களாடி? அடுத்த வாரம் சந்தைக்குப் போனா வேற வாத்து. அந்தப் பொம்பளை எட்டு அத்தியாயமா எப்படிப்பட்டவளா இருந்தா! சாமியாரையே வாயடைக்க வெச்சவ. அவ போய் வாத்துக்கு?" தியா பூரிங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "என் மாஜோங் பெட்டிக்காக வேணும்னா இறங்குவேன். என் புருஷன் வாங்கிக் கொடுத்தது. அதுல ஒரு கட்டை மிதந்து போனாலும் விட மாட்டேன், திட்டிக்கிட்டே போவேன். இவ ஒரு வார்த்தை திட்டாம சாவுறா!"

மெல்பா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாத்து மணிலாவில் இருக்கும் நடுவர்களுக்காக வந்த வாத்து. சேற்று வெள்ளத்தில் வெள்ளையாக ஒன்று மிதந்தால் அழகாக இருக்கும் என்று தோன்றியது. எழுதிவிட்டு, அந்தப் பத்தியை அவளே பத்துமுறை படித்து மெய்மறந்திருந்தாள். அது பொய் என்பது உள்ளுக்குள் எப்போதோ தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடமாக அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் மட்டும் இவ்வளவு மை கொட்டியிருக்காது. இந்தக் கிழவி சொன்னதை அவள் ஏன் யோசிக்கவில்லை?

"தியா, ஒண்ணு சொல்லணும். நான் அந்தப் பரிசு ஜெயிக்கல. பேனர்ல இருக்கிறது தப்பு."

தியா பூரிங் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எப்படி ஜெயிக்கும்? இப்படியொரு சாவை வெச்சுக்கிட்டு!"

மெல்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாரத்தில் அவளோடு நாவலைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் இவள்தான். ஏன், இத்தனை வருடத்திலும் இவள் ஒருத்திதான். அதுவும் சண்டை போட வந்திருக்கிறாள்.

"சிரிக்காத. நாளைக்கு மேடையில அந்த வாத்தை மட்டும் வாசிச்ச, கீழேருந்து கத்துவேன். சாமியார் சண்டையை வாசி. ஆமா, கதையில பாக்கி என்ன இருக்கு, பத்தாவது அத்தியாயத்துல யாரு வர்றா? நான் செத்த பிறகு என் வீட்டை யாரு எடுத்துக்கறா? உங்கம்மா கேட்டாத் தர மாட்டேங்குறா. வரிசையில வான்னு சொல்றா."

அப்போதுதான் மெல்பாவின் காதில் அது விழுந்தது. முன்பக்கம் கடையில் ஒரு தாள் சரசரவென்று சுருளும் சத்தம், தொடர்ந்து அம்மாவின் குரல், "இந்தா எல்மர், தலை நீக்கிக் கொடுத்திருக்கேன்."

"அம்மா! அதைக் கொடுக்காதே!"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் கடைக்குள் பாய்ந்தாள். தராசுக்குப் பக்கத்தில் கட்டு பாதியாகக் குறைந்திருந்தது. மிச்சத்தை இரண்டு கைகளாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அம்மா கருவாட்டுக் கையைத் தூக்கியபடி, "நீதானே வேணாம்னே?" என்றாள். மெல்பா செருப்பும் போடாமல் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். தார் பொசுக்கியது.

எல்மர் அதிக தூரம் போயிருக்கவில்லை. மைதானத்து வேலி ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தான். பொட்டலத்தைப் பிரித்து, கருவாட்டை இருக்கைமேல் வெறுமனே வைத்திருந்தான். ஒரு பூனை அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. தாள் அவன் கையில் இருந்தது.

"எல்மர், அந்தத் தாளைக் கொடு. வேற பை தர்றேன்."

அவன் நிமிரவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தி, கொஞ்சம் இரு என்பதுபோலக் காட்டினான்.

"எல்மர்!"

"இருங்க மனாய். இங்க அம்புக்குறி போட்டு ஓரத்துல என்னவோ எழுதியிருக்கு. மை கலைஞ்சிருக்கு. இது மேல சேருதா, கீழ சேருதா?"

கட்டு நெஞ்சோடு நழுவிக்கொண்டே இருந்தது. பின்னால் தியா பூரிங் குடையை விரித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். மெல்பா பொசுங்கும் கால்களை மாற்றி மாற்றி வைத்தபடி அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மேல," என்றாள். "மேல சேரும்."

எல்மர் உதட்டை அசைத்து அந்த வரியை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தான். அவன் தாளைத் திருப்பும்வரை அவள் நின்றாள்.