யுவஷினியின் அப்பா

கிள்ளானில் அந்தக் கடைவரிசையின் இரண்டாம் மாடிக்கு லோகன் அதுவரை ஏறியதில்லை. மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் மனைவி உஷாராணியின் பொறுப்பு. அந்தச் சனிக்கிழமை அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு மாற்று ஆள் வரவில்லை. துறைமுகத்திலோ கப்பல் வந்து சேராததால், கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர்களை மதியத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அதனால் லோகன் போனான். இருபது நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, கதவுக்கு வெளியே கிடந்த சப்பாத்துகளில் யுவஷினியுடையதைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றான்.

உள்ளே அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். மலாயில். லோகன் பேசுவது துறைமுக மலாய். வேலை நடந்தால் போதுமென்று முன்னும் பின்னும் வெட்டிப்போட்டுப் பேசுவது. பன்னிரண்டு வயதுப் பெண் ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் செய்தி வாசிப்பவரைப்போல் பேசினாள். அந்தப் பெருமையில், முதலில் வந்த நாலைந்து வாக்கியங்களின் பொருளை அவன் கவனிக்கவே இல்லை.

என் அப்பா ‘காக்கி போத்தோல்’ என்று அவள் சொன்னபோதுதான் காது விழித்துக்கொண்டது. போத்தலே கதியென்று கிடப்பவனை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். சம்பள நாளில் அவர் வரும் சத்தம் கேட்டால் நானும் அம்மாவும் பின்வாசலுக்குப் போய்விடுவோம் என்றாள். ஒருநாள் என் பாடப்புத்தகங்களைக் கொளுத்திவிட்டார், அன்றிலிருந்து புத்தகங்களை அரிசிப்பையில் சுற்றி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன் என்றாள். மறுநாள் காலையில் எழுந்து, எதுவுமே நடக்காததுபோல், ‘இன்னும் பள்ளிக்கூடம் போகலையா?’ என்று என்னையே கேட்பார் என்றாள்.

லோகன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான்.

“அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தும்மா,” என்றது ஓர் ஆண் குரல். “பள்ளிக்கூடம் போகலையான்னு சொல்லிட்டு ரெண்டு செகண்ட். கண்ணு கீழ போகணும். அழுக வந்தா வரட்டும், ஆனா ஓவரா வேணாம்.”

வாஷிங் மெஷினும் அரிசிப்பையும்தான் பொய். வாஷிங் மெஷின் இல்லை, காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டின் கோழிக்கூடு. அரிசிப்பை இல்லை, உரச்சாக்கு. எரிந்தது நாலாம் ஆண்டு கணிதப் புத்தகமும் அறிவியல் புத்தகமும். மறுநாள் காலையில் அப்படிக் கேட்டவர் லோகனின் அப்பா. அந்தக் கேள்வியை லோகன் தன் வாழ்நாளில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறான். உஷாராணி யுவஷினியை வயிற்றில் சுமந்திருந்தபோது, நான் அந்த மாதிரி அப்பாவாக இருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லப்போய், அதுவும் வந்துவிட்டது. லோகன் இதுவரை ஒரு சொட்டு மதுவைக்கூட வாயில் வைத்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஏழெட்டுப் பிள்ளைகள். மேசைக்குப் பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள், கழுத்தில் டை கட்டி, நேர்காணல் அதிகாரிபோல் உட்கார்ந்திருந்தான். இவன்தான் உஷாராணி நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் முகுந்தன் சார்.

“வாங்கண்ணே, நீங்க?”

“நாந்தான் அந்தக் காக்கி போத்தோல்.”

ஒரு பையன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். யுவஷினி அறையின் நடுவில் கையைக் கட்டியபடி நின்றிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் முன்னால் அப்பா வந்து நின்றால் வரும் வெட்கம்தான் இருந்தது. அது அவனை இன்னும் கிளறியது.

முகுந்தன் எழுந்து வந்து அவனைக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனான். குரலை உயர்த்தவில்லை.

“கோவப்படாதீங்கண்ணே. ஹாஸ்டல் ஸ்கூலுக்கான கம்ப்யூட்டர் டெஸ்ட்ட தாண்டி வந்த பிள்ளைங்க எல்லாருமே கெட்டிக்காரப் பிள்ளைங்கதான். இன்டர்வியூல ஆளுக்கு அஞ்சு நிமிஷம்கூட இல்ல. டாக்டராகணும், நாட்டுக்குச் சேவை செய்யணும்னு அத்தன பேரும் அதையேதான் சொல்லும். கதை இருக்கிற பிள்ளைதான் மனசுல நிக்கும்.”

“அதுக்கு நான் குடிகாரன் ஆகணுமா?”

முகுந்தன் டையைத் தளர்த்திக்கொண்டான். “நம்ம தமிழ்ப் பிள்ளை உள்ள போயி உக்காந்தாலே, கேள்வி கேக்கிறவங்க மனசுல ஏற்கெனவே ஒரு அப்பா இருக்காருண்ணே. நான் புதுசா யாரையும் உண்டாக்கல. அங்க இருக்கிறவர பயன்படுத்திக்கிறேன். போன வருஷம் என் பிள்ளைங்க மூணு பேருக்கு ஹாஸ்டல் ஸ்கூல் கெடச்சுது. அவங்கப்பாமாருங்க வந்து கைய பிடிச்சுக் கும்பிட்டுட்டுப் போனாங்க.”

லோகனின் வலது கை மூடிக்கொண்டது. அடித்துவிடலாம். ஒரே அடியில் இவன் சப்பாத்துகளின் மேல் போய் விழுவான். பிறகு பிள்ளைகள் எட்டிப்பார்க்கும். யுவஷினியின் கதை நூற்றுக்கு நூறு உண்மையாகிவிடும். அந்த நினைப்புத்தான் கையைப் பிடித்தது. கை அடங்கியதும் வாய் திறந்துகொண்டது. நீ வாத்தியாரா, உன் அப்பனைப் பத்தி இப்படிச் சொல்லிக் கொடுப்பியா என்று அவன் கத்தியது கீழே சாலைவரை கேட்டிருக்கும். உள்ளே போய் மகளின் பையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு இறங்கினான். படிக்கட்டில் மகனுக்காகக் காத்திருந்த ஒரு பெண், அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியவள், அவன் கடந்துபோகும்போது மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வாடை இருக்கிறதா என்று.

காரில் ஏறிச் சாவியைத் திருப்பும் முன்பே கேட்டான்.

“அந்தக் கதைய யாரும்மா எழுதுனது?”

“சாரும் அம்மாவும்,” என்றாள் யுவஷினி. “சும்மா கதைதான்ப்பா. எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு. சிவநேசனுக்கு அவங்கம்மா ஓடிப்போயிட்டாங்க.”

“ஓடிப்போயிட்டாங்களா?”

“இல்ல லா. அவங்கதான் கேன்டீன்ல மீ கோரெங் விக்கிறாங்களே.”

உஷாராணி அன்று ஆறரைக்கு வந்தாள். குளிர்பெட்டிக் கதவில் அவள் எழுதி ஒட்டிய கால அட்டவணை இருந்தது. இரண்டு வருடமாக மாதத்துக்கு ஒன்று மாறும். காலை ஐந்தரைக்கு மலாய்க் கட்டுரை, மாலையில் கணிதம், சனிக்கிழமை நுண்ணறிவுக் கேள்விகள். அவள் கைப்பையைக் கீழே வைக்கும்வரைகூட லோகனால் பொறுக்க முடியவில்லை.

“எங்கப்பா என்னைக் கேட்ட கேள்விய எடுத்து என் பிள்ள வாயில வச்சிருக்க.”

அவள் மறுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சார் ஒரு கதை வேணும்னாரு. நம்ம வீட்ல கதையே இல்ல. நீங்க ஒழுங்கா வேலைக்குப் போறீங்க, ஒழுங்கா வரீங்க. நான் எதப் போயி சொல்றது?”

“அதனால என்னோடத எடுத்துக் கொடுத்துட்ட.”

“நீங்க பட்டது யாருக்காச்சும் உதவியிருக்கா? உங்களுக்கே உதவல. ஒரு தடவ நம்ம பிள்ளைக்கு உதவட்டுமேன்னு நெனச்சேன்.”

“அத உன்கிட்ட நான் எதுக்குடி சொன்னேன்?”

அவளுக்கும் கோபம் வந்தது. “எனக்கும் ஒரு இன்டர்வியூ நடந்துச்சு. நர்சிங்குக்கு. நல்ல ரிசல்ட் எடுத்துக்கிட்டுப் போனேன். அப்பா என்ன வேலைன்னாங்க, கிளார்க்குன்னேன். வீட்ல ஏதும் கஷ்டமான்னாங்க, இல்லைன்னேன். எல்லாம் உண்மை. எனக்கு முன்னாடி போனவ கதறிக்கிட்டு வெளிய வந்தா, அவளுக்குக் கெடச்சுது. நான் இன்னைக்கி வரைக்கும் அடுத்தவங்க எழுதிக் கொடுத்த மருந்த அடுக்கிக்கிட்டு நிக்கிறேன். உண்மையப் பேசிப் பாத்தாச்சுங்க. என்னைப் பாருங்க.”

அறைக் கதவு திறந்திருந்ததை இருவரும் அப்போதுதான் கவனித்தார்கள். யுவஷினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அது நெஜமாவே நடந்துச்சா?”

உஷாராணி முக்காலியிலிருந்து எழுந்தாள்.

“தாத்தாவாப்பா?”

லோகன் தலையசைத்தான். “புத்தகத்த ஒளிச்சு வச்சது நாந்தான்மா.”

அவள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. தாயைப் பார்த்துத்தான் பேசினாள்; அந்தக் குரலை இருவரும் அதற்கு முன் கேட்டதில்லை. “ஏன்மா என்கிட்ட சொல்லல? பொய்யின்னு நெனச்சதாலதான் என்னால சொல்ல முடிஞ்சுது. சாரு முன்னாடி எத்தன தடவ சொல்லியிருக்கேன். எல்லாரும் கை தட்டுனாங்கம்மா. இனிமே நான் என்னத்தச் சொல்றது?”

கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாப்பிட வரவில்லை. அடுத்த நான்கு நாளும் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. உஷாராணி தோசைக்கல்லை வைத்த வேகத்தில் அடுப்பு குதித்தது. லோகன் லோரியில் ஏறினால் வழியெல்லாம் முகுந்தனோடும் மனைவியோடும், செத்துப்போன தன் அப்பாவோடும் சண்டை போட்டான். அந்த மனிதர் செத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவரை எல்லாரிடமிருந்தும் மூடி வைத்திருந்தேன், இப்போது அரிசிப்பையில் சுற்றி வெளியே எடுத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. அவருக்காக ஏன் ஆத்திரப்படுகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

வியாழக்கிழமை நேர்காணல். செராஸில் ஒரு பயிற்சி நிலையத்தின் மண்டபம். நெரிசலுக்குப் பயந்து ஆறு மணிக்கே கிளம்பினார்கள். இறங்கும்போது லோகன் மகளின் பள்ளிச் சீருடைக் காலரைச் சரிசெய்துவிட்டுச் சொன்னான், “உனக்கு வாயில என்ன வருதோ அதச் சொல்லு. நான் என்னன்னு கேக்க மாட்டேன்.” அவள் மண்டபத்தைப் பார்த்து நடந்தாள்.

பத்தே கால் மணிக்கு உள்ளே போனவள் வெளியே வந்தபோது கண்கள் சிவந்து இமைகள் வீங்கியிருந்தன. கையில் கசங்கிய டிஷ்யூ. அதைப் பார்த்ததும் உஷாராணியின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்ததை லோகன் கண்டான். நன்றாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்கிற வெளிச்சம். அந்த இடத்திலேயே அவளை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

யுவஷினி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கார் நெடுஞ்சாலையைப் பிடித்தது.

“அப்பா என்ன வேலைன்னு கேட்டாங்க,” என்றாள் பிறகு. “கண்டெய்னர் லோரின்னேன். அங்க ஒரு அங்கிள், அவரு சிரிச்சாரு. அப்பா குடிப்பாரான்னு அவராவே கேட்டாரு.”

லோகன் சாலையைப் பார்த்தபடியே, “நீ?” என்றான்.

“இல்லைன்னேன். கல்யாண வீட்லகூட ஆரஞ்சுத் தண்ணிதான் குடிப்பாருன்னேன். பயப்படாத, இங்க சொல்லலாம், யாருக்கும் தெரியாதுன்னாரு. மறுபடியும் இல்லைன்னேன். அவரு பக்கத்துல இருந்த மேடத்தப் பாத்து தலைய இப்பிடி ஆட்டுனாரு.” அவள் ஆட்டிக் காட்டினாள், பாவம் என்பதுபோல். “எனக்குக் கோவம் வந்துருச்சுப்பா. கோவத்துல அழுக வந்துருச்சு. நிறுத்தவே முடியல. அந்த மேடம் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. டிஷ்யூ கொடுத்தாங்க. ரெண்டு பேரும் ஏதோ எழுதிக்கிட்டாங்க.”

“அப்புறம்?” என்றாள் பின்சீட்டிலிருந்து உஷாராணி.

“அப்புறம் ஒண்ணும் கேக்கல. போகலாம்னுட்டாங்க.” வெளியே பார்த்தபடி சொன்னாள், “எனக்குக் கெடச்சுரும்னு நெனைக்கிறேன்.”

கண்ணாடியில் லோகன் மனைவியைப் பார்த்தான். அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லோகனுக்குத் திரும்பிப் போய்க் கதவைத் தட்டி, அந்த ஆளின் சட்டையைப் பிடித்து, என் வாயை முகர்ந்து பாரடா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் என்ன எழுதிக்கொள்வான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. காருக்குள் காற்றே இல்லாததுபோல் இருந்தது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டான்.

யுவஷினி அந்த டிஷ்யூவை மடியில் வைத்துச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். காற்று உள்ளே வந்ததும் அத்தனையும் எழுந்து கார் முழுக்கச் சுழன்றன. கிள்ளானுக்குப் போகும் லோரிகள் இரண்டு பக்கமும் இரைந்துகொண்டு கடந்தன. வெள்ளைத் துணுக்குகள் அவன் சட்டையில், யுவஷினியின் கன்னத்து ஈரத்தில், உஷாராணியின் தலைமுடியில் என்று போய் ஒட்டிக்கொண்டன. யாரும் அவற்றை எடுத்துப் போடவில்லை.