பதினொரு விநாடி

படச்சுருளின் நுனியைப் புரொஜெக்டரின் பற்சக்கரத்தில் மாட்டும்போது இந்திரகுமாரின் விரல் இரண்டு முறை வழுக்கியது. கட்டிலில் சாய்ந்திருந்த அவன் மனைவி நோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழால விடுங்கோ. மேலால இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சால் செய்யுங்கோவன்."

காலை பத்து மணி. யன்னலுக்குப் போர்வை கட்டியிருந்தான். வெளியே, மெல்பேர்ன் புறநகரான நோபல் பார்க்கின் ஜூலை மழை பெரிதாகவும் இல்லாமல் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. படம் கழுவும் லாபிலிருந்து அவளுடைய படம் முதல்நாள்தான் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கார்ல்டனில் ஒரு மண்டபத்தில், வேறு நான்கு குறும்படங்களோடு காட்டப்போகிறார்கள். இன்று செவ்வாய். அவளால் அங்கே போக முடியாது என்பதை இருவருமே இன்னும் சொல்லவில்லை.

நோரீன் அயர்லாந்தில் கோல்வேக்காரி. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பள்ளி ஒன்றில் ஐந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். தமிழை அவளுக்குப் படிப்பித்தது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், அதுவும் விளையாட்டு முற்றத்தில். அதனால் நாற்பத்தொரு வயதிலும் அவள் தமிழ் பத்து வயதுச் சிறுமியின் தமிழாகவே இருந்தது. மெல்பேர்னுக்கு வந்து மூன்று வருடங்களாக, கிழமை நாட்களில் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். சனி ஞாயிறுகளில் இரவல் கமெராவோடு படம் எடுத்தாள். எழுதிய கதையைக் குசினி மேசையில் வைத்து முதலில் தமிழில் அவனுக்குச் சொல்வாள். தமிழில் சொல்லும்போது பொய் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும் என்பாள். இது அவளது நான்காவது படம்.

பதினான்கு நிமிடம். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருத்தி ஒருநாள் காலை உடுப்புப் பெட்டியோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். வழக்கமான ரயிலை விட்டுவிட்டு எதிர்த் திசை ரயிலில் ஏறுகிறாள், திரும்பி வருவதில்லை. அவ்வளவுதான் கதை. புருஷனாக நடிக்க ஒத்துக்கொண்டவன் படப்பிடிப்பு நாளில் வரவில்லை. நோரீன் இந்திரகுமாரின் தோளைப் பிடித்து மேசையில் இருத்திவிட்டாள். அது மார்ச் மாதம்.

சுவரில் படம் ஓடியது. மேசையில் இந்திரகுமார் குனிந்து சாப்பிடுகிறான். பெட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கும் மனைவியிடம், தலை நிமிராமலே, உப்பைக் கேட்கிறான். அவள் எடுத்துக் கொடுக்கிறாள். அதன் பிறகு அவன் நிமிர்ந்து பார்க்கிறான். பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

"நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினான். மோட்டாரின் சூடு அறையில் மணந்தது.

"அந்தப் பார்வை வேண்டாம். வெட்டுங்கோ."

"நல்லா இருக்கெண்டு பெத்தும் சொன்னவள் எல்லே?"

பெத் அவளுடைய கமெராக்காரி.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மனிசனுக்குத் தன்ர மனிசி போகப்போறாள் எண்டு தெரியாது." மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்."

மார்ச்சில், படப்பிடிப்புக்கு ஒரு கிழமை முந்தி, வைத்தியர் அவனை மட்டும் ஆஸ்பத்திரி நடையில் நிறுத்தி, அவளுக்கு அதிக நாள் இல்லை என்று சொல்லியிருந்தார். மனைவிக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். அவளிடம் ஜூன் வரை அது வெறும் இரத்தக் குறைவு.

"எப்ப கண்டனீர்?" என்று கேட்டான்.

"ஏப்ரல். எடுத்ததைக் கழுவிக் கொண்டந்து போட்டுப் பார்த்த அண்டைக்கு. அந்த மனிசியை இல்லை, கமெராவுக்குப் பக்கத்தில நிண்ட என்னைத்தான் பார்க்கிறீங்கள். டொக்டரை விட வடிவா நீங்கள்தான் சொன்னீங்கள்."

"பிறகேன் இவ்வளவு நாளும் வைச்சிருந்தனீர்?"

"எனக்குப் பார்க்க."

மழை கூரைத் தகட்டில் கேட்டது. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"உங்களோட நான் கோவம்," என்றாள். பள்ளி முற்றத்தில் சின்னவிரலை நீட்டிச் சொல்கிற அதே மாதிரி.

குசினி மேசையில் துணி விரித்து அவன் அதைச் செய்தான். அவள் அறையிலிருந்து சொல்லச் சொல்ல, வெளிச்சத்துக்குப் பிடித்து இடம் கண்டு, இரண்டு பக்கமும் வெட்டி, நாடாவால் ஒட்டினான். அந்த இடத்தில் சத்தம் கொஞ்சம் குதிக்கும், அங்கே பேச்சு இல்லை, குதிக்கட்டும் என்றாள். பதினொரு விநாடி. ஆறரை அடி நீளம். அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"இதை என்ன செய்யிறது?"

வாங்கினாள். கட்டில் விளக்கருகே பிடித்து, சின்னச் சின்ன இந்திரகுமார்கள் ஒருவருக்குக் கீழ் ஒருவராக இருப்பதைக் கடைசி வரை பார்த்தாள். பிறகு நீட்டினாள்.

"எறியுங்கோ."

குசினி வாளியில், உருளைக்கிழங்குத் தோலுக்கு மேல் போட்டான்.

மறுபடி ஓட்டினார்கள். உப்பை வாங்கியவன் நிமிரவேயில்லை. அடுத்த கணம் ரயில். நோரீன் முழுவதையும் கண் மூடாமல் பார்த்தாள்.

"இப்ப சரி."

"கோவமோ?"

"இனியில்லை."

பின்னேரம் மூன்று மணிக்கு மேல் அவன் போர்வையை அவிழ்த்தான். மழை விட்டிருந்தது. "தேத்தண்ணி குடிப்பீரோ?" என்று யன்னலைப் பார்த்தபடியே கேட்டான். பதில் வரவில்லை. நித்திரை என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். திரும்பும்போது தெரிந்துவிட்டது.

கோல்வேயிலிருந்த அவள் தமக்கைக்கு டிரங்க் கோல் கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது. ஆங்கிலத்தில் சொன்னான். சரியான சொற்கள் சரியான வரிசையில் வந்தன. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போலிருந்தது.

வியாழக்கிழமை குப்பை லொறி வந்து போனது. வெள்ளிக்கிழமை அடக்கம். தேவாலயத்தில் பதினொருபேர். தொழிற்சாலைப் பெண்கள் நான்குபேர் வேலை உடுப்புக்கு மேல் கோட் போட்டு வந்திருந்தார்கள். பெத் அழுதாள். அவனோடு வரைபட அலுவலகத்தில் வேலை செய்யும் மெட்ராஸ்காரர் நாகராஜன், தயிர்ச்சோற்றுப் பாத்திரத்தைத் துணியில் கட்டி எடுத்து வந்திருந்தார். வீட்டுக்கு வந்து அவரே தட்டில் போட்டுக் கொடுத்தார்.

"கொஞ்சமாவது சாப்பிடுங்க சார்." பிறகு, "உங்க வீட்டுக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியுமாமே?" என்றார்.

"ஓம். கதைப்பா."

"வணக்கம், சாப்பாடு, அந்த மாதிரியா?"

"இல்லை," என்றான். "எல்லாம்."

நாகராஜன் தலையாட்டினார். ஆறு மணிக்கு அவர் போனபின் வீட்டில் குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் இருந்தது. சனிக்கிழமை முழுவதும் அவன் யாரோடும் பேசவில்லை. கடையில் பால் வாங்கியபோது 'தாங்க்யூ' என்றான்.

ஞாயிற்றுக்கிழமை படப்பெட்டியை மடியில் வைத்தபடி ரயிலிலும் டிராமிலும் போய், மண்டப வாசலில் பெத்திடம் கொடுத்தான். உள்ளே ஐம்பதுபேர் இருக்கும். வலப்பக்க ஓரத்தில் உட்கார்ந்தான். நோரீனின் படம் மூன்றாவதாக வந்தது. அவள் பெயர் வந்தபோது பெத்தின் பக்கத்திலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

தொழிற்சாலை. பெட்டியில் மடித்து வைக்கும் உடுப்புகள். பிறகு அவன், மேசையில், குனிந்தபடி. பெட்டியோடு நிற்கும் மனைவியிடம் உப்பைக் கேட்டான். அவள் கொடுத்தாள். நிமிராமல் தூவிக்கொண்டான்.

சபை சிரித்தது. முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் வரை, மனம்விட்டு, ஒன்றும் தெரியாத அந்த மனிதனைப் பார்த்து.

இந்திரகுமார் இடப்பக்கம் சரிந்தான்.

"சிரிக்கினம்," என்றான்.

பக்கத்துக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். காதை அவன் பக்கம் கொண்டுவந்து, "பார்டன்?" என்றாள்.

"ஒண்டுமில்லை."

அதுவும் தமிழில்தான் வந்தது. கிழவி விளங்கியதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். திரையில் ரயில் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது.