பதினான்காம் பிரிவுக்கு ஒரு சாட்சி

செயற்கை நுண்ணறிவு மசோதாவின் வரைவு மீது கருத்துச் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி நாள். டெல்லி ஆய்வு மையம் ஒன்று நாற்பது பக்க விமர்சனம் தயாரித்திருந்தது. இயந்திரம் ஒருவரை மறுத்தால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதைப் பதினான்காம் பிரிவு சொல்லவில்லை என்பது அதன் முக்கிய வாதம். வாதத்துக்குப் பெயரும் ஊரும் உள்ள ஒருவர் தேவைப்பட்டார். மையத்தின் திண்டுக்கல் கள ஆய்வாளர் வினோலியா ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் கதையை இரண்டு பக்கத்தில் எழுதியும் சேர்த்திருந்தாள்.

அகரத்து நாகஜோதி, மகனுக்கு உடம்பு தேறியதும் பழனியில் மொட்டை போட்டவள். திரும்பி வந்ததும் நூறு நாள் வேலையில் வருகை பதியும் செயலி அவள் முகத்தை ஏற்கவில்லை. பதியாவிட்டால் வேலை இல்லை. பன்னிரண்டு நாள் திருப்பி அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை ஒப்புதல் படிவத்தோடு வினோலியா அகரம் போனபோது, நாகஜோதி வாய்க்காலில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். தோள்வரை கறுப்பு முடி.

“என்னக்கா இது?”

“டோப்பா. எம்மவன் அஜித்து நாடக செட்டுல கேட்டு வாங்கியாந்தான். மாட்டிக்கிட்டு நின்னேன், போட்டோ ஏறிருச்சு.”

பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற வியாகுலம்மாள், “பத்திரமா வச்சிரு ஆத்தா. அடுத்த மாசம் நான் வேளாங்கண்ணிக்கு மொட்டை போடப் போறேன்” என்றாள்.

வினோலியா படிவத்தை நீட்டினாள். நாகஜோதி வாங்கவில்லை.

“எம்பேரு டெல்லிக்குப் போனா இங்க விசாரிக்க வருவாக. டோப்பா வச்சு ஏமாத்துனான்னு சொல்லி வேல அட்டையப் பிடுங்கிட்டா?”

“நாங்க மிஷினத்தான் தப்புன்னு சொல்றோம்.”

“மிஷினா தாயி ஆபீசுல கையக் கட்டி நிக்கப் போகுது? நாந்தான நிக்கணும்.”

“பேர மாத்திப் போடுறேன்.”

“இந்த ஊர்ல இப்ப மொட்டத் தலையோட வேலைக்கு வாறவ நான் ஒருத்திதான்.”

வினோலியா கரையேறி மைய இயக்குநரை அழைத்தாள். பெயரும் ஊரும் இல்லாமல் போட்டால் கேள்விப்பட்ட கதை என்பார்கள், வேறு ஆள் பாருங்கள் என்றார் அவர். ஒரு நாளில் முடியாது என்றாள்.

கீழே மேற்பார்வையாளர் மத்தியான வருகைக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டிருந்தார். நாகஜோதி முகத்தைத் துடைத்து, டோப்பாவை நெற்றிவரை இழுத்துவிட்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. மேற்பார்வையாளர் திரையைப் பார்த்தார், தலையாட்டினார்.

விமர்சனம் மறுநாள் முப்பத்தெட்டுப் பக்கமாகப் போனது. இப்படி யாருக்காவது நேரக்கூடும் என்று அதில் ஒரு வரி இருந்தது.