இடதுபக்கம் மட்டும்

டிராக்டர் மோதிக் கிடங்குச் சுவர் இடிந்த அன்றே முதலாளி தீர்ப்பு எழுதிவிட்டார்: டிரைவர் தூங்கிவிட்டான். அந்த டிரைவர் நான்தான். பதினாலு வருஷமாக அந்தக் கிழட்டு டிராக்டரோடு மாரடிக்கிறவன். சரிவில் இறங்கும்போது வலது சக்கரத்துக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்து மிதித்தேன், நிற்கவில்லை என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன்.

"மெக்கானிக் பாத்துச் சொல்லட்டும். பிரேக்ல கோளாறுன்னா நீயே வண்டி எடு. இல்லேன்னா சாவியை வச்சிட்டுக் கிளம்பு" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மெக்கானிக் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன்.

மச்சான் வந்து ஜாக்கி வைத்துப் பின்சக்கரம் இரண்டையும் தூக்கினார். மோதியதில் வீங்கிய இடது முழங்காலோடு நான் சீட்டில் ஏறி, வலது காலால் இரண்டு பெடலையும் அழுத்தினேன். அவர் வலது சக்கரத்தைச் சுற்றினார். சுற்றியது. இடது சக்கரத்தைச் சுற்றினார். அதுவும் கூச்சநாச்சமில்லாமல் சுற்றியது.

"பாத்தீங்களா மச்சான்!" என்று கத்தினேன். முழங்கால் வலிகூட மறந்துவிட்டது.

அவர் ஸ்பானரை எடுத்தார். வலது டிரம்மைக் கழற்றினார். உள்ளே சக்கரத்தை உரசிப் பிடித்து நிறுத்தும் லைனிங் முழுக்க எண்ணெய். அச்சிலிருந்து கசிந்து ஊறி, வெண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது. பிறகு இடதுபக்கத்துக்கு வந்து, பிரேக் கம்பியின் நட்டைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். துரு ஏறிய மரையில் இரண்டு சுற்று அளவுக்கு மட்டும் புதுசாகப் பளபளத்தது. நான்கு நாளைக்கு முன், விபத்துக்கு முந்தின நாள், நட்டைத் தளர்த்திய இடம். தளர்த்தியவர் அவர்தான்.

அன்று நான் அவரிடம் சொன்னது ஒரே வரி: "மச்சான், பிரேக் அடிச்சா வண்டி இழுக்குது, இடதுபக்கம் பிடிக்குது." வலதுபக்கம் வேலை செய்யவில்லை, இடதுதான் நிறுத்துகிறது என்பது என் அர்த்தம். இடது பிரேக் விடாமல் சிக்கிக்கொள்கிறது என்பது அவருக்குப் புரிந்த அர்த்தம். 'மட்டும்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்திருந்தால் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவசரத்தில், இருந்த ஒரு நல்ல பிரேக்கையும் தளர்த்திவிட்டுப் போயிருக்கிறார்.

கோபம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இருந்தாலும் மனுஷன் தவறுவது சகஜம், இப்போது சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நட்டை இரண்டு சுற்று இறுக்கினார். லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, டிரம்மை மாட்டினார். கோளாறைச் சரிசெய்கிறார் என்று நம்பிக்கொண்டு நானும் பெடலை அழுத்தி அழுத்திக் காட்டினேன். என்னைவிட ஒரு மடையன் உண்டா?

முதலாளி வந்தார். "என்னப்பா, என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல முதலாளி. ரெண்டு பக்கமும் நல்லா பிடிக்குது. நீங்களே சுத்திப் பாருங்க."

முதலாளி சுற்றிப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை.

"மச்சான், அந்த நட்டு தளர்ந்திருந்ததைச் சொல்லுங்க" என்றேன்.

"எந்த நட்டு மாப்பிள்ளை?" என்றார். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, கண் இமைக்காமல் கேட்டார். முதலாளியின் ஆறு வண்டிக்கும் அவர்தான் மெக்கானிக். அந்தக் கணக்கு எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. முதலாளி கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

நொண்டிக்கொண்டு வீடு வருவதற்குள் மச்சான் தங்கைக்குப் போன் போட்டுவிட்டிருந்தார். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"நடந்ததைச் சொல்றேன், கேளு. நட்டைத் தளர்த்துனதே உங்கண்ணன்தான்" என்று ஆரம்பித்தேன்.

"போதும் நிறுத்துங்க! தூங்கினது நீங்க, பழி அண்ணன்மேலயா? உங்களுக்காகப் பொய் சொல்லலாம்னுதான் அண்ணன் வந்துச்சாம். மனசாட்சி இடங்கொடுக்கலயாம். போன்லயே அழுதுச்சு தெரியுமா?"

இந்த வீட்டில் நான் சொல்லும் எதுவும் இனி எடுபடாது என்று அப்போதுதான் உறைத்தது. அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, என் காதில் வைத்தாள்.

"ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க. எனக்குன்னு இருக்கறது அண்ணன் ஒருத்தர்தான்."

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டேன். பெரிய மனது பண்ணி அவரும் மன்னித்துவிட்டார்.