ஜூலை மாதத்துக் குரங்குத் தொப்பி

வங்காளிகள் நிறைந்த பெஹாலாவில் தமிழர்கள் சேர்ந்து நடத்திய அந்தத் தொடக்கப் பள்ளிக்குச் சௌந்தரராஜன் செயலாளர். துறைமுக உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருஷமாகியும் அந்தச் சேதி அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை. பியூனைக் கூப்பிட்டால்கூடக் கப்பலைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும்.

மூன்றாம் வகுப்பு நாகலட்சுமி டீச்சர் அறிவியலைத் தட்டுமுட்டுச் சாமான்களை வைத்து நடத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1998 ஜூலையில் டெல்லியிலிருந்து மஹாதேவன் என்ற கல்வி அதிகாரி வருகிறார் என்றதும் செயலாளர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அதிகாரி முன்னால் ஒரு சோதனை நடக்கும். பிசகினால் திங்கட்கிழமையிலிருந்து கரும்பலகையும் மனப்பாடமும்தான். சோதனையைத் தேர்ந்தெடுத்தது சௌந்தரராஜன், செய்து காட்டப்போவதும் அவர். பிளாஸ்டிக் ஸ்கேலைப் பட்டில் தேய்த்தால் காகிதத் துணுக்குகள் தாவி ஒட்டும்.

மழைக்காலத்தில் ஒட்டாது என்று நாகலட்சுமி சொல்லிப் பார்த்தாள். விஞ்ஞானம் பஞ்சாங்கம் பார்க்காது என்று பதில் வந்தது.

அதிகாரி வந்த அன்று, அதுவரை கல்யாணங்களை மட்டுமே கண்டிருந்த பட்டு அங்கவஸ்திரத்தில் சௌந்தரராஜன் ஸ்கேலைத் தேய்த்தார். துணுக்குகள் அசையவில்லை. மின்விசிறி மேல் பழி போட்டார், நிறுத்தினார்கள். காகிதம் மட்டம் என்றார். வேறு காகிதம் வந்தது. அதுவும் அவரை மதிக்கவில்லை. வேர்த்து வழிந்த முகத்தோடு அவர் நாகலட்சுமியைப் பார்த்தார். திங்கட்கிழமை அவள் கண்முன் வந்து நின்றது.

எட்டு வயது மேக்னா எழுந்தாள். "இப்போ ஒட்டாது அங்கிள். ஜனவரியிலே ஒட்டிச்சு. நோட்டுல இருக்கு."

செயலாளர் அவளை உட்காரச் சொன்னார். மஹாதேவன் நோட்டைக் கேட்டார். ஜனவரி: பதினேழு துணுக்கு. ஏப்ரல்: நாலு. ஜூன்: ஒட்டவில்லை.

"ஒட்டலேன்னு எழுதச் சொன்னது யாரும்மா?"

"டீச்சர். பாத்ததைத்தான் எழுதணும். காத்துல ஈரம் இருந்தா கரண்ட் ஸ்கேல்ல நிக்காது."

இப்போதே ஒட்டவைக்க முடியுமா என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், பிள்ளைகள் ஒரு செருப்புப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். உள்ளே ஒரு பல்பு எரிந்தது. பக்கத்தில், டிசம்பர் குளிருக்கு ஊரே மாட்டிக்கொள்ளும் கம்பளிக் குரங்குத் தொப்பி. அதையும் ஸ்கேலையும் காகிதத்தையும் ஈரம் போகப் பத்து நிமிஷம் சூடாக்கி, மேக்னா தொப்பியால் பரபரவென்று தேய்த்தாள். மூன்று துணுக்குகள் துள்ளி ஒட்டின. மஹாதேவன் தரையில் குந்தி, தொப்பியை வாங்கித் தானும் தேய்த்தார். ஐந்து.

வகுப்பில் ஒரு பிள்ளைகூட, சரிதானா என்று நாகலட்சுமியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ஸ்கேல் மேல்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இந்த வகுப்பு இப்படியே தொடர வேண்டும் என்று மஹாதேவன் பார்வையாளர் பதிவேட்டில் எழுதினார். நன்றியுரையில், பிள்ளைகளைச் சிந்திக்க வைக்கவே தாம் வேண்டுமென்று தோற்றதாகச் செயலாளர் விளக்கினார். கைதட்டல் கிடைத்தது. அந்த நோட்டைத் தம் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டப்போவதாகவும் அறிவித்தார்.

"நோட்டு திங்கட்கிழமை வேணும் சார்," என்றாள் நாகலட்சுமி. "ஜூலைப் பக்கம் இன்னும் முடியலை."

மேக்னா ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள்: 'ஜூலை. செயலாளர் அங்கிள் பட்டில் தேய்த்தார். ஒட்டவில்லை.'