பச்சைக்கு மேல் நீலம்

சூடத்தட்டை வம்சி என் கையில்தான் கொடுத்தான். ஒண்டிப்புதூர் பட்டறையில் அந்தப் பழைய மூக்கு லாரி நின்றிருந்தது. போல்ட்டுகளையெல்லாம் கழற்றி, நாலு மூலையிலும் சங்கிலி மாட்டி, மரப் பாடியைத் தூக்குவதற்குத் தயாராக வைத்திருந்தார்கள். "நீங்கதான் காட்டோணுங்க அக்கா. தாத்தா இருந்தா உங்களத்தான் கூப்புட்டிருப்பாருங்க" என்றான். எங்கள் முதலாளி கோவிந்தராஜுலுவின் பேரன் அவன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. மில்லை விற்றபோது எதையும் கேட்காதவன், தாத்தாவின் முதல் லாரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். பாடியை இறக்கிவிட்டு, அடியிலிருக்கும் இரும்புச் சட்டமான சேஸைத் துரு நீக்கிப் புதுசாக்கி, மறுபடி ரோட்டில் ஓட்டப்போகிறானாம். இந்த வண்டியை ஓட்டியவர் என்பதால் என் வீட்டுக்காரர் நஞ்சுண்டனையும் வரச் சொல்லியிருந்தான். அவர் வரமாட்டேன் என்று இரண்டு நாள் முரண்டு பிடித்தார். நான் விடவில்லை. இழுத்துக்கொண்டு வந்தேன்.

என் தம்பியைக் கொன்ற வண்டிக்கு நான் எப்படிச் சூடம் காட்டினேன் என்று கேட்கலாம். வண்டி என்ன பாவம் செய்தது? ஓட்டினவர் தூங்கினால் வண்டி என்ன செய்யும்?

தொண்ணூற்றெட்டு ஆவணி. தம்பி உதய்க்கு இருபத்துநாலு வயது, வெள்ளகோவிலில் எலக்ட்ரிக் கடை வைத்து எட்டு மாதம். சாமான் வாங்கக் கோயமுத்தூர் வந்தவன் பஸ்ஸுக்குக் கிளம்பினான். நான்தான், "எதுக்கு பஸ்ஸு? மச்சான் கரூருக்கு நூல் லோடு போறாரு, முன்னால உக்காந்துட்டுப் போயிரு கண்ணு" என்று தக்காளிச் சாதம் கட்டிக்கொடுத்து ஏற்றிவிட்டேன். காங்கேயம் தாண்டி வண்டி கவிழ்ந்தது. நூல் மூட்டைக்கு அடியில் அவன். இவருக்கு நெற்றியில் ஒரு கீறல். "தூங்கிப்போட்டேன்" என்று போலீசில் சொன்னார், என்னிடம் சொன்னார், என் அம்மா காலில் விழுந்து சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. முதலாளி அவரை மில் கேட்டில் உட்காரவைத்தார், எனக்கும் வேலை கொடுத்தார், இருக்க வீடு கொடுத்தார். அதுவரை பச்சையாக இருந்த லாரிக்கு மறு மாதமே சேஸ் முதற்கொண்டு நீலம் அடித்தார். "அந்தப் பச்சை உங் கண்ணுல படவேண்டாம் அம்மிணி" என்று சொன்னபோது நான் அழுதுவிட்டேன். இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டுக்காரரை மட்டும் விடவில்லை. என் வாய் சின்ன வாய் இல்லை. பகலில் அவர் கண் கொஞ்சம் சொக்கினால் போதும். கல்யாண மண்டபமாக இருந்தாலும் சரி, கோயிலாக இருந்தாலும் சரி. "தூங்குங்க, நல்லாத் தூங்குங்க. இன்னும் யாராச்சும் மிச்சமிருந்தா கொன்னுபோடுங்க" என்பேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருவார். அம்மா அவரை வாசற்படி ஏற்றுவதில்லை. நான் வெள்ளகோவில் போனால் அவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே நின்றுவிடுவார். இருபத்தேழு வருஷம் இப்படியே போயிற்று.

பாடி கிறீச்சிட்டுக்கொண்டு மேலே போனது. பஞ்சும் தூசியும் எலிக்கூடும் கொட்டின. வண்டியின் நீளத்துக்கு இரண்டு இரும்புச் சட்டங்கள் வெறுமனே கிடந்தன. பட்டறைக்காரர் அப்துல் மஜீத் பாய் உட்கார்ந்து ஒவ்வொரு சாணாகச் சுரண்டிக்கொண்டே வந்தவர், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார்.

"வம்சி தம்பி, சித்தெ இங்க வாங்க. இங்க ஒட்டு மேல ஒட்டு இருக்குது."

மேலே இருந்த பட்டையை வெட்டி எடுத்தார். அதற்கு அடியில் இன்னொரு பட்டை, நடுவில் இரண்டாகப் பிளந்து. மேல்பட்டை மூடாத அதன் ஓரத்தைக் கத்தியால் சுரண்டினார். மேலே நீலம், உள்ளே பச்சை.

"மேல்பட்டை பொறவு வெச்சதுங்க, நீலம் மட்டுந்தான் இருக்குது. இது பச்சைக் காலத்துலயே வெச்சது. சேஸ் விரிசல் உட்டதுக்கு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்காங்க. லோடு தாங்காம ஒட்டோட சேத்தி ரெண்டாப் போயிருச்சு. ஓடுற வண்டியில இது உடைஞ்சா சாமியே ஓட்டுனாலும் கவுந்துரும்." எங்கள் கதை அவருக்குத் தெரியாது. தொழில் பேசிக்கொண்டிருந்தார்.

வம்சி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம். அப்படியானால் இந்த மனுஷன் தூங்கவில்லை! ஐயோ, நான் என்னென்ன பேசிவிட்டேன், எத்தனை பேர் முன்னால் பேசிவிட்டேன் என்று பதறிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தில் திகைப்பே இல்லை. எப்போது வரும் என்று காத்திருந்தது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஏனுங்க," என்றேன். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நான் தூங்கல பாப்பாயி. பின்னால டமார்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் வண்டி எங் கையில இல்ல."

"அப்புறம் எதுக்குத் தூங்குனேன்னு சொன்னீங்க?"

"சேஸ் உடைஞ்சதுன்னு தெரிஞ்சா மொதலாளி உள்ள போயிருவாரு. 'நீ தூங்குனேன்னு சொல்லிரு, உங் குடும்பத்த காலத்துக்கும் நான் பாத்துக்கறேன்'னாரு. போனவன் எப்படியும் போயிட்டான். நீயாச்சும் நல்லா இருக்கோணும்னு..."

முதலாளி கொடுத்த வீடும் வேலையும் நீலப் பெயின்டும் எதற்கென்று அந்த நிமிஷம் புரிந்தது. ஆனால் முதலாளி யாரோ. செத்தும் போய்விட்டார். நான் கேட்க வேண்டியது வேறு.

"அதை உடுங்க. ஒட்டுப்போட்ட வண்டின்னு எப்பத் தெரியும்? கவுந்த பொறவா, முன்னாலயா?"

அவர் கண் இப்போதுதான் அந்தப் பட்டைக்குப் போயிற்று.

"உங்களத்தான் கேக்கறேன்."

"முன்னாலயே தெரியும். ஒட்டுப்போட்டப்ப கூட நின்னவனே நாந்தான்."

"தெரிஞ்சுதான் எந் தம்பிய ஏத்துனீங்களா?"

"நீ சோத்தைக் கட்டிக் குடுத்து ஏத்திவுட்டே. கெளம்புற வண்டிய நொட்டை சொல்லக்கூடாதுன்னு ஒரு இது... போயிட்டு வந்தர்லாம்னு நெனச்சேன்."

நீ பஸ்ஸிலேயே போ கண்ணு. அவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். காரணம்கூடச் சொல்லவேண்டாம். ஒரு வார்த்தை. அதை வாயில் வைத்துக்கொண்டு, என் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்னைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார். இருபத்தேழு வருஷம் நான் அவரை வைதது அத்தனையும் இல்லாத தூக்கத்துக்கு. நிஜமான தப்பைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டு, பொய்த் தப்புக்கு என்னிடம் வசவு வாங்கியிருக்கிறார். என் கோபத்தைக்கூடக் கள்ளக்கணக்கில் செலவழிக்க வைத்துவிட்டார் பாவி.

வம்சி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "அக்கா, எங்களுக்கு இது தெரியாதுங்க. இந்த எடத்த வெட்டிப்போட்டுப் புதுசு வெச்சறோமுங்க, யாரு கண்ணுக்கும் தெரியாது."

"வெச்சுக்குங்க கண்ணு," என்றேன். "உங்களுக்கென்ன, வெட்டிப்போட்டுப் புதுசு வெச்சுக்கலாம்."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து ஆட்டோ பிடித்துச் சிங்காநல்லூர் போனேன். அவர் இன்னொன்றில் பின்னாலேயே வந்தார். கரூர் பஸ் கிளம்ப நின்றிருந்தது. வெள்ளகோவிலில் அம்மாவுக்கு எண்பத்தொன்று ஆகிறது. அவள் இன்னும் தூங்கினவனைத்தான் சபித்துக்கொண்டிருக்கிறாள். படியில் கால் வைத்தேன்.

"அம்மாகிட்ட என்ன சொல்லப்போற?" கீழே நின்று கேட்டார்.

"நீங்க இன்னிக்குச் சொன்னதத்தான்."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவரும் ஏறினார். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பையைத் தூக்கி அந்தக் காலி இடத்தில் வைத்தேன். பஸ் நகர்ந்ததும் கண்டக்டர் வந்தார்.

"எங்கீங்க அக்கா?"

"வெள்ளகோவில்."

கண்டக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டுங்களா?"

"ஒண்ணு."

சீட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பஸ் சூலூர் தாண்டியதும் கண்டக்டர் மறுபடி வந்தார். பிறகு பின்னாலிருந்து, போலீஸ் ஸ்டேஷனில் பேசுகிறவர் போல அவருடைய தணிந்த குரல் கேட்டது.

"எனக்கும் வெள்ளகோவில் ஒண்ணு குடுங்க."

நான் திரும்பவில்லை. மிஷின் இன்னொரு சீட்டை அடித்துத் தள்ளும் சத்தம் கேட்டது.